பொட்டு வைத்த கல்

அத்தியாயம் 14

முதலில் இரும்பு ஊளையிட்டது. அடுத்த நொடி கல் வெடித்தது.

ஜெலுத்தோங்கின் அந்தப் பின்சந்தில் சத்தம் கேட்காத வீடு இல்லை. ஒரு துண்டு பட்டறையின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே போனது. இன்னொரு துண்டு சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தின் கண்ணாடியை நொறுக்கியது. மூன்றாவது துண்டு எங்கே போனது என்று ரூபினிக்குத் தெரியவில்லை.

அவள் சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தாள். முதுகின் மேல் பெரிய பாரம். பின்கழுத்தில் சூடாக ஏதோ வழிந்தது.

தன் இரத்தம் என்றுதான் நினைத்தாள். தடவிப் பார்த்தாள். காயம் இல்லை.

"கோகி?"

பாரம் அசைந்தது. அவளுடைய கொழுந்தன் கோகிலன், வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், தலையில் ஹெல்மெட்டோடு அவள் மேல் விழுந்து கிடந்தான். மூன்றாவது துண்டு அவனிடம் இருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, காரை எலும்பை உடைத்துக்கொண்டு, முக்கோணமாகச் செருகி நின்றது.

"அண்ணி... உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவ்வளவுதான் கேட்டான். கண் செருகிவிட்டது.

"கோகி! டேய், கண்ணத் தொறடா!"

அவள் கணவன் தயாளன் பட்டறை வாசலில் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றான். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

---

ஆயுத பூசை முடிந்த மறுநாள் காலை அது.

வீட்டின் பக்கவாட்டில் தகரம் போட்டு இறக்கிய பட்டறை. நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக் கத்தியிலிருந்து புல்வெட்டும் இயந்திரத்தின் தகடு வரைக்கும் அங்கேதான் சாணைக்கு வரும். நடுவில், மேசையில் பொருத்திய சாணைக் கிரைண்டர். இடப்பக்கம் ஒரு கல், வலப்பக்கம் ஒரு கல்.

வேலை விஷயத்தில் தயாளன் கெட்டிக்காரன். புதுக் கல் வாங்கினால் அதன் துளையில் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து, திருப்புளியின் மரப்பிடியால் ஒரு தட்டுத் தட்டுவான். கிண் என்றால் நல்ல கல். டொக் என்றால் உள்ளே விரிசல். ஓடும் வேகத்தில் அந்தக் கல் குண்டுதான். அதனால் கிரைண்டரைப் போடும்போது ஒருநாளும் கல்லுக்கு நேராக நிற்க மாட்டான். ஒதுங்கி நின்றுதான் பொத்தானை அழுத்துவான்.

வருஷத்தில் ஒரே ஒரு காலை தவிர.

பூசைக்கு மறுநாள், முதல் ஓட்டத்துக்கு மட்டும், சாமிக்கு முன்னால் நிற்கிற மாதிரி கல்லுக்கு நேர் எதிரே நின்று கும்பிட்டுவிட்டுப் போடுவான். கல்லின் பக்கவாட்டு மூடியையும் கழற்றி வைத்துவிடுவான். பொட்டு வைத்த முகத்தை மூடக் கூடாதாம்.

இன்று அவன்தான் அங்கே நின்றிருக்க வேண்டும்.

ஆனால் போன வாரம் அவன் கை ரூபினியின் கன்னத்தில் இறங்கியது. குறுக்கே வந்த தம்பியைக் குழாய் ஸ்பேனரால் முழங்காலில் அடித்தான். அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை. அவள் கண்ணுக்குக் கீழே அந்தக் கறுப்பு இன்னும் போகவில்லை. அடித்துவிட்டுச் சில நாள் கழித்துத் தேன் ஒழுகப் பேசுவது தயாளனின் வழக்கம்.

"இந்த வருஷம் என் பொண்டாட்டி கையால ஆரம்பிக்கட்டும்" என்று இன்று காலை திடீரென்று அவளைக் கூப்பிட்டான். "வாலா ரூபி, வெக்கப்படாத. இப்டி நேரா நில்லு. கும்புட்டுட்டுப் பச்சைப் பொத்தான அமுக்கு. நான் போயி கற்பூரம் எடுத்துட்டு வர்றேன்."

அவள் நின்றாள். கும்பிட்டாள். அழுத்தினாள்.

கல் வேகம் எடுக்கும்போதே யாரோ அவளைப் பக்கவாட்டில் இடித்துத் தள்ளினார்கள். அப்புறம்தான் எல்லாம்.

---

ஆம்புலன்ஸ் வந்தபோது பக்கத்து வீட்டு வேலு அண்ணன் தன் கைலியைக் கிழித்துக் கோகிலனின் தோளில் அழுத்திப் பிடித்திருந்தார். பன்றி வெட்டும் கடையில் வேலை செய்தவர் மாதிரி முழங்கை வரைக்கும் சிவப்பு.

"கல்லப் புடுங்காதீங்க, புடுங்காதீங்க!" என்று ஆம்புலன்ஸ்காரர் கத்தினார். "அதுதான் அடைச்சுக்கிட்டு நிக்குது!"

ரூபினி வண்டியில் ஏறப் போனாள். தயாளன் அவள் முழங்கையைப் பிடித்தான்.

"நீ இரு."

"என்னங்க, அவன் தனியாப் போறான்..."

"இருன்னு சொன்னேன்ல. வேலு, நீங்க வேனை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போங்க. நாங்க பட்டறையப் பூட்டிட்டு வர்றோம்."

வேலு அண்ணன் சட்டை மாற்ற ஓடினார். ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு சந்தைத் தாண்டியது.

தயாளன் பட்டறைக்குள் போனான். குனிந்து குனிந்து எதையோ தேடினான். உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். மூலையில் இருந்த தகர டின்னிலிருந்து ஒரு முழுக் கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தான்.

தம்பியின் இரத்தம் காயவில்லை, இந்த மனுஷன் கல் பொறுக்குகிறானே என்று ரூபினி நினைத்தாள்.

"ரூபி, இங்க வா."

குரல் சாதாரணமாக இருந்தது. அந்தக் குரல்தான் அவளுக்குப் பயம்.

"இதப் பாரு. உடைஞ்ச எடம். புதுசா உடைஞ்சிருந்தா எப்டி இருக்கும்? சாம்பலாட்டம் இருக்கும். இது என்ன கலர்?"

துண்டின் உடைந்த முகத்தில் ஒரு கோடு மஞ்சளாக இருந்தது. மேல்பரப்பில் பூசிய மஞ்சள் இல்லை. கல்லின் உள்ளே இறங்கிய மஞ்சள்.

"சந்தனம்" என்றாள்.

"சந்தனம்! விரிசல் முன்னாடியே இருந்தாத்தான சந்தனம் உள்ள எறங்கும்? விரிசல் தெரியக் கூடாதுன்னு அதுமேல யாரோ சந்தனம் பூசி மறைச்சிருக்காங்க." அவன் ஒரு அடி நெருங்கினான். "ரெண்டு கல்லு வாங்கிட்டு வந்தேன். ஒண்ணு கிண்ணுன்னுச்சு, எடப்பக்கம் மாட்டுனேன். இன்னொண்ணு டொக்குன்னுச்சு. வேற நாளா இருந்தா அப்பவே சுத்தியலால உடைச்சுப் போட்டிருப்பேன். பூசை வெச்சிருக்கற நேரத்துல எதையும் உடைக்கக் கூடாதேன்னு முழுசாத் தகர டின்னுல போட்டேன். இப்ப டின்னுல கிண்ணுன்ன கல்லு கெடக்குது. நான் தட்டிப் பாத்துட்டேன்."

ரூபினிக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. யாரோ கல்லை மாற்றியிருக்கிறார்கள்.

"கல்லுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

"நான் குங்குமம் மட்டுந்தாங்க வெச்சேன். நான் போறப்பவே சந்தனம் இருந்துச்சு. நீங்க வெச்சிருப்பீங்கன்னு..."

அது உண்மை. நேற்று அவள் குங்குமச் சிமிழோடு போனபோது இடப்பக்கக் கல்லில் சந்தனம் ஏற்கெனவே இருந்தது. அவள் வைப்பது போல வட்டப் பொட்டு இல்லை. விளிம்பிலிருந்து நடுத்துளை வரைக்கும் ஒரு விரல் அகலத்துக்கு இழுத்த பட்டை. இது என்ன புது மாதிரி என்று நினைத்தாள். அதன் நடுவில் குங்குமம் வைத்துவிட்டு வந்தாள்.

"பொய் சொல்லாதலா!"

அறை விழுந்தது. பழைய கறுப்பின் மேலேயே விழுந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த எடத்துல நிக்க வேண்டியது யாரு? நான்! வருஷா வருஷம் நான் நேரா நிக்கறது உனக்குத் தெரியும். என்னக் கொல்லப் பாத்தியா? சொல்லு!"

"என்னக் கொல்ற கல்லுக்கு முன்னால நானே போயி நிப்பேனா? கொஞ்சம் யோசிங்க! நீங்க கூப்புட்டீங்க, நான் நின்னேன். தெரிஞ்சிருந்தா நிப்பேனா?"

"மாட்டேன்னு சொன்னா நான் சந்தேகப்படுவேன்னு நின்ன. அமுக்கிட்டு ஒதுங்கிக்கலாம்னு நின்ன!"

"அந்தக் கல்லு நட்டு எந்தப் பக்கம் திரும்பும்னுகூட எனக்குத் தெரியாது!"

ஒரு கணம் அவன் நின்றான். கிரைண்டரில் இடப்பக்கக் கல்லைப் பூட்டும் நட்டு மற்ற நட்டுகளுக்கு நேர்மாறாகத் திரும்பும். பழக்கமில்லாதவன் கழற்றப் போனால் இன்னும் இறுக்கித்தான் வைப்பான்.

ஆனால் கோபம் யோசனையைவிட வேகமானது. அவன் அவள் சடையைக் கையில் சுற்றினான்.

"தெரியாதா? தெரிய வெக்கறேன்."

மற்றொரு கையால் பச்சைப் பொத்தானைக் குத்தினான்.

ஒரு பக்கக் கல்லை இழந்த கிரைண்டர் மேசையோடு சேர்ந்து நடுங்கியது. வலப்பக்கக் கல் தள்ளாடித் தள்ளாடி வேகம் பிடித்தது. அதிலிருந்த குங்குமம் சிவப்புப் புகையாகப் பறந்தது.

"என்னங்க, வேணாம்! அதுவும் வெடிச்சுரும்!"

"வெடிக்கட்டும். ரெண்டு பேரும் போவோம். யாரு மாட்டுனது? எவன் மாட்டிக் குடுத்தான்? சொல்லு!"

சடையைப் பிடித்து அவள் தலையைக் கீழே அமுக்கினான். கல்லின் காற்று அவள் நெற்றியில் அடித்தது. முன்முடி ஒரு கற்றை கல்லில் பட்டுத் தீய்ந்தது. கருகிய நாற்றம். அவள் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி எதிர்த்துத் தள்ளினாள். வலது உள்ளங்கை வழுக்கியது. சுண்டுவிரல் கல்லில் உரசியது.

அவள் அலறல் கிரைண்டரின் சத்தத்தை மீறியது.

நகம் போய்விட்டது. நகத்துக்குக் கீழே இருந்ததும் கொஞ்சம் போய்விட்டது.

இடது கை எதையாவது தேடித் துழாவியது. கிடைத்தது, தீட்டும்போது சூடாகும் கத்தியை முக்கி எடுக்கிற தண்ணீர் டின். அடியில் சேறு மாதிரி இரும்புத் தூள். அப்படியே தூக்கி அவன் முகத்தில் வீசினாள்.

தயாளன் கண்ணைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். "அம்மா! கண்ணு! என் கண்ணு!"

அவள் அதோடு விடவில்லை. காலி டின்னால் அவன் காதோடு சேர்த்து ஒரு வீச்சு வீசினாள். அவன் கீழே விழுந்தான். மறுபடியும் ஓங்கினாள். யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

"விடும்மா. விடு. போதும்." வேலு அண்ணன். அவர் ஒரு காலால் பிளக்கை எத்திப் பிடுங்கினார். கிரைண்டர் முனகிக்கொண்டே ஓய்ந்தது.

"டேய் தயா, மனுசனாடா நீ? தம்பி சாகக் கெடக்கான், நீ பொண்டாட்டிய சாணை புடிக்கறியா?"

தயாளன் தரையில் உட்கார்ந்தபடி குழாயைத் தேடிக் கையை ஆட்டினான். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"கூட்டிட்டுப் போங்க அவள. எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. நான் போலீஸ் பாலாய்க்குப் போறேன். துண்டு, சந்தனம், டின்னுல கெடக்கற நல்ல கல்லு, எல்லாத்தையும் போலீஸ் மேசை மேல வெக்கறேன். கொலை கேஸுடி! இன்னைக்கு ராத்திரி நீ லாக்கப்லதான் சோறு திம்ப!"

---

வேலு அண்ணனின் வேனில் மீன் வாடை அடித்தது. ரூபினி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரல் தனி இதயம் மாதிரித் துடித்தது.

ஜாலான் ஜெலுத்தோங்கில் காலை நெரிசல். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் ஒன்று முன்னால் வழிமறித்து நின்றது. கோகிலன் இந்நேரம் அங்கே வேலையில் இருந்திருக்க வேண்டும்.

"அண்ணே, அவரு சொல்றத போலீஸ் நம்புமா?"

"தெரியலம்மா. கல்லுல பொட்டு வெச்சது நீதான்னு ஊருக்கே தெரியும். நேத்து எங்க வீட்டுக்காரிகூடப் பாத்தா." அவர் ஹாரனை அடித்தார். "யாரு சந்தனம் வெச்சாங்கன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்."

"கோகி பாத்திருப்பான். பூசைக்கு முதல் நாள் பட்டறையத் தொடைக்கறப்ப அவனும் இருந்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அவன் நல்ல பையன்மா. உனக்காக உசுரயே குடுக்க வந்தான் பாரு." வேலு அண்ணன் தலையை ஆட்டினார். "நான் அப்ப வாசல்லதான் நின்னேன். அவன் மோட்டார் சைக்கிள ஸ்டார்ட் பண்ணிட்டான். கேட்டத் தாண்டப் போறான், உங்க பட்டறைப் பக்கம் திரும்பிப் பாத்தான். மூஞ்சி அப்டியே வெளுத்துப்போச்சு. ஸ்டாண்டுகூடப் போடல. மோட்டார அப்டியே சாய்ச்சுப் போட்டுட்டு ஓடுனான். அந்த முழங்காலோட, நொண்டிக்கிட்டே என்னா ஓட்டம்! அதுக்கப்புறம்தான் வெடிச்சுது."

ரூபினி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"வெடிச்சதுக்கப்புறமா ஓடுனான்?"

"இல்லம்மா. மொதல்ல மோட்டார் விழுந்த சத்தம். அப்புறம் இவன் 'அண்ணி'ன்னு கத்துனது. அப்புறம்தான் டமாருன்னுச்சு."

பஸ் நகர்ந்தது. வேன் நகர்ந்தது.

அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது கோகிலன் பள்ளிக்கூடச் சட்டையில் இருந்தான். தாயில்லாத வீடு. பள்ளிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் அவள்தான். அண்ணன் கை ஓங்கும் ஒவ்வொரு முறையும் அவன் கதவருகில் நின்று நகத்தைக் கடிப்பான். போன வாரம்தான் முதல்முறையாகக் குறுக்கே வந்தான்.

ஸ்பேனர் அடி வாங்கியதும் அவன் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. "இனிமே உங்கள அடிக்க அவருக்குக் கை இருக்காது அண்ணி." கோபத்தில் சொல்கிறான் என்றுதான் அன்று நினைத்தாள்.

---

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கூட்டம். ஆபரேஷன் அறைக்குப் போகும் வழியில், தள்ளுகட்டிலில் கோகிலன் கிடந்தான். கல் இன்னும் தோளில் இருந்தது. அதைச் சுற்றிப் பஞ்சை அடுக்கி ஒட்டியிருந்தார்கள். துண்டின் வெளிமுகத்தில், இரத்தத்துக்கு நடுவே, அவள் வைத்த குங்குமம்.

அதன் இரு பக்கமும் சந்தனப் பட்டை.

ரூபினி ஒரு அடி பின்னால் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க யாரு அவருக்கு?" தாதி ஷாஹிரா கேட்டாள். தலைத்துண்டுக்குள் களைத்த முகம். தமிழ் முஸ்லிம் பெண்.

"அண்ணி."

"ரெண்டே நிமிசம்தான். டாக்டர் ரெடி. கல்லுக்குப் பக்கத்துலயே பெரிய ரத்தக் குழாய் போகுது. எடுக்கறப்போ என்ன ஆகும்னு..." அவள் ரூபினியின் கையைப் பார்த்தாள். "உங்க விரலுக்கு என்னாச்சு?"

"கல்லுல பட்டுருச்சு."

"இதே கல்லா?"

"வேற கல்லு."

ஷாஹிரா அவள் கண்ணுக்குக் கீழே பார்த்தாள். தீய்ந்த முன்முடியைப் பார்த்தாள். திரையை இழுத்துவிட்டாள்.

திரைக்கு வெளியே பூட்ஸ் சத்தம். ஒரு குரல் மலாயில் நோயாளியின் பெயரைக் கேட்டது. ஷாஹிரா பதில் சொன்னாள். "இன்ஸ்பெக்டர் இக்மல்" என்ற பெயர் காதில் விழுந்தது. தயாளன் சொன்னதைச் செய்துவிட்டான்.

ரூபினி குனிந்தாள்.

"கோகி. நான்தான்."

கண் திறந்தது. அவளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவள் கையில் சுற்றிய துணியைப் பார்த்தான். நெற்றி முடியைப் பார்த்தான்.

"மறுபடியும் அடிச்சாரா?"

"அத விடு. போலீஸ் வந்திருக்கு. நான்தான் கல்ல மாத்தி, சந்தனம் பூசி மறைச்சேன்னு உங்கண்ணன் ரிப்போட் குடுத்துட்டாரு. அவரக் கொல்லப் பாத்தேனாம்."

கோகிலனின் வாய் திறந்தது. பக்கத்து இயந்திரத்தின் பீப் பீப் வேகமானது.

"நீங்களா? நீங்க எப்டி..."

"என்னப் புடிச்சுட்டுப் போயிருவாங்க கோகி. நீ பேசுனாத்தான் நான் வீட்டுக்குப் போவேன்." அவள் அவன் கையைப் பிடித்தாள். விரல் நுனிகள் சில்லென்றிருந்தன. நகத்தின் ஓரங்களில் இன்னும் போகாத மஞ்சள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். கல்லு வெடிக்கறதுக்கு முன்னாடியே நீ ஏண்டா ஓடி வந்த?"

திரை விலகியது. தள்ளுகட்டிலைத் தள்ள இருவர் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த அதிகாரி.

கோகிலன் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது.

"அங்க அண்ணன்தான் நிப்பாருன்னு நெனச்சேன், அண்ணி."